சக்களத்தியின் கையால்

அகோத்தின் இடது மார்பை வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவினோவின் கையில் கொடுத்தார்கள். கடையில் தயிர் வாங்க வந்தவளிடம் நீட்டுவது மாதிரிதான் நீட்டினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அது வழக்கம். வெட்டுவது அவர்கள் வேலை. வெட்டியதை கிசுமு நகரத்து லேப் வரைக்கும் சுமந்துகொண்டு போவது சொந்தக்காரர்கள் வேலை.

"இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துடும்மா," என்றான் ஆபரேஷன் தியேட்டர் ஆள்.

"எதுக்குப்பா?"

"எதுக்குன்னா? பாக்கத்தான்."

"அதான் ஊசி குத்திப் பாத்துக் கேன்சர்னு சொல்லிட்டீங்களே. இன்னும் என்னத்தப் பாக்கறது?"

"பாப்பாங்கம்மா. துண்டு துண்டா நறுக்கி, கண்ணாடில வச்சுப் பாப்பாங்க."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன, மிச்சத்த எரிச்சிடுவாங்க. ஏன், டப்பா திரும்ப வேணுமா உனக்கு?"

அவனே சொல்லி அவனே சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கெட்டவன் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். அந்த டப்பாவில் இருப்பதைப் பார்த்துத்தான் அகோத்துக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வார்கள் என்ற ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, சுவரில் ஒட்டியிருந்த படங்களும் சொல்லவில்லை. கை கழுவுங்கள், கொசுவலை கட்டுங்கள் என்று ஆயிரம் புத்தி சொல்கிற ஆஸ்பத்திரிக்கு, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் வரவில்லை.

அவினோ டப்பாவைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தாள். கிசுமு போகிற வண்டி ஒரு பக்கம் கூவிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் இருக்கும் அவள் ஊருக்குப் போகிற வண்டி இன்னொரு பக்கம். அவளுக்குக் காதில் 'எரிச்சிடுவாங்க' என்பதுதான் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் ஜனத்தில் யாரையும் எரிப்பதில்லை. பிறந்து மறுநாளே செத்த பிள்ளையைக்கூட மண்ணில்தான் வைப்பார்கள்.

அவள் புருஷன் ஒபோன்யோவுக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. மீன்பிடிக்கப் போனவனை ஏரி விழுங்கிவிட்டது, திருப்பித் தரவும் இல்லை. உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிறபடி, யாகோ மரத்தில் சுரைக்காய் மாதிரி நீளமாய்த் தொங்கும் காய் ஒன்றை வெட்டிவந்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அழுது, பாட்டுப் பாடி, வளவுக்குள் குழி தோண்டி வைத்தார்கள். அன்றைக்கு அவினோ அழுதது அவன் செத்ததற்காக மட்டும் இல்லை. அவன் விரல் நகம்கூட அந்தக் குழிக்குள் இல்லையே என்றுதான் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அகோத்தும் பக்கத்தில் நின்று அதே மாதிரி அடித்துக்கொண்டாள். அகோத் ஒபோன்யோவின் இரண்டாவது பெண்டாட்டி. அவினோவுக்குச் சக்களத்தி.

இன்னொரு பயமும் இருந்தது. சக்களத்தியின் உடம்புத் துண்டை எடுத்துக்கொண்டு போனவள், வெறுங்கையோடு வந்து நின்றால் ஊர் என்ன கேட்கும்? எங்கே கொடுத்தாய், யாரிடம் கொடுத்தாய், எந்த மந்திரக்காரன் வீட்டில் வைத்தாய் என்று கேட்கும். லேப் என்றால் நம்புவார்களா?

அவினோ ஊருக்குப் போகிற வண்டியில் ஏறினாள்.

"என்னம்மா அது, மருந்து வாடை தூக்குது? கால்கிட்ட வை," என்றான் வண்டிப் பையன்.

"கால்கிட்ட வைக்கற சாமான் இல்ல அது. நீ கதவச் சாத்து."

வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து, மூடியைத் திறந்து, நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீரைக் கொட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, அகோத்தின் மஞ்சள் துணி ஒன்றில் சுற்றி, ஒபோன்யோவின் குழிக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தாள். நாய் தோண்டாமல் இருக்க மேலே முள்ளை வெட்டிப் போட்டாள். கையைத் தட்டிவிட்டு நின்றபோது அவளுக்கு மனசு நிறைவாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தாள்.

அவர்கள் இருவரும் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. அகோத் தையல் மிஷினோடு அந்த வளவுக்குள் வந்த புதிதில் எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள். வாசலுக்கு நேரே மூத்தவள் வீடு, இடது பக்கம் இளையவள் வீடு. நடுவில் இருந்த முற்றத்தில் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகள் பறந்த காலம் உண்டு. ஒபோன்யோ போன பிறகு, அவன் தம்பி வழக்கப்படி இருவரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். இருவரும் ஒரே துடைப்பத்தால் அவனை விரட்டினார்கள். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்ததில் பழைய பகை எங்கே போயிற்றோ தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. அந்தக் கரையில் எந்த இளையவளும் மூத்தவள் கையால் வாங்கிச் சாப்பிட மாட்டாள். எதைக் கலந்து வைத்தாளோ என்ற பயம் தாய்ப்பாலோடு வருவது. அகோத் மட்டும் அவினோ கிண்டின களியைத்தான் தின்றாள். சந்தையில் மீன் காய வைக்கிற பெண்கள் இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அகோத்தைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அவினோ அந்த இடத்தைக் காட்டினாள். அகோத் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவினோவின் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள்.

"எங்க போட்டாங்களோ, எந்தக் குப்பையிலயோன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமே இல்லக்கா. உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன். நல்ல காரியம் பண்ணே."

"அழாதடி, தையல் பிரிஞ்சிடும்."

"பிரிச்சாச்சு, இனி என்ன பிரியறதுக்கு இருக்கு." அகோத் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் பழைய குறும்பு வந்துவிட்டது. "ஆனா பாத்தியா, அவரு பக்கத்துல மொதல்ல எடம் பிடிச்சது நாந்தான். மூத்தவன்னு நீ பெருமை பேசி என்ன பிரயோஜனம்?"

"அடி சண்டாளி!" என்று அவினோ கையை ஓங்கினாள். இருவருமாகச் சிரித்தார்கள்.

சில நாட்களில் நசிமியு வந்தாள். கிசுமு ஆஸ்பத்திரியில் மார்புக் கேன்சர் ஆராய்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் வேலை பார்க்கும் நர்ஸ். அகோத்தும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே அந்த ஆராய்ச்சியில் சேரச் சம்மதித்திருந்தாள். லேப்புக்கு எதுவும் வரவில்லையே என்று தேடிக்கொண்டு, மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, புழுதியாய் வந்து இறங்கினாள் நசிமியு.

"அந்த டப்பா எங்கம்மா?"

"பொதச்சிட்டேன் சிஸ்டர்," என்றாள் அவினோ, பெருமையாகவே.

"டப்பாவோடவா?"

"சேச்சே! கழுவி, துணில சுத்தி, மொறையாத்தான்."

நசிமியு முற்றத்து ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் பொறுமையாகச் சொன்னாள்.

"இந்த நோயில வகை வகையா இருக்கும்மா. ஒரு வகை மாத்திரைக்குக் கேக்கும். வருஷக்கணக்கா முழுங்கினா திரும்ப வராம பாத்துக்கும். இன்னொரு வகைக்கு அந்த மாத்திரை வெறும் சுண்ணாம்புதான். நம்ம பொம்பளைங்களுக்கு எது அதிகமா வருதுன்னு யாரும் ஒழுங்காப் பாத்ததில்ல. வேற தேசத்துக் கணக்க வச்சு நமக்கு வைத்தியம் பண்றாங்க. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி. வெட்டின கட்டியில சாயம் ஏத்திப் பாத்தாத்தான் தெரியும். மொதல்ல ஊசி குத்தி எடுத்தது அதுக்குப் பத்தாது."

"இப்பத் தோண்டி எடுத்தா?" என்று கேட்டாள் அகோத்.

"மண்ணோட மண்ணாயிருக்கும். பிரயோஜனமில்ல."

"அப்ப எனக்கு?"

"நரம்புல ஏத்தற மருந்து குடுப்பாங்க. அது எல்லா வகைக்கும் கொஞ்சம் கேக்கும். மாத்திரை மட்டும், என்ன வகைன்னு தெரியாமக் குடுக்க டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. நெறையப் பேருக்கு அந்த மருந்தே போதும்மா. கவலப்படாத."

கவலைப்படாதே என்று சொன்னதை இருவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மருந்து ஏறிய மாதங்கள் அகோத்தை உலுக்கி எடுத்தன. முடி கொட்டியது, வாயெல்லாம் புண், மீன் வாடையே ஆகாது. சந்தையில் மீன் விற்கிற அவினோவின் வளவில் இருந்துகொண்டு மீன் வாடை ஆகாது என்றால் எப்படி? அவினோ குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் போனாள். வீக்கம் வராமல் இருக்க, சுவரில் விரலால் நடந்து கையை மேலே மேலே கொண்டுபோகச் சொல்லியிருந்தாள் நசிமியு. தினமும் காலையில் அவினோ பின்னால் நின்று கத்துவாள்.

"இன்னும் மேல! அடுப்புக்கரிக் கோடு வரைக்கும்!"

"உயிர் போகுதுக்கா!"

"போகாது. வாயிருக்கற வரைக்கும் உனக்கு உயிர் போகாது. ஏத்து!"

முடி திரும்ப முளைத்தது. அகோத் மிஷினில் உட்கார்ந்து, தனக்கு ஒரு துணி மார்பு தைத்துக்கொண்டாள். பஞ்சு வைத்தால் கனமில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதாகத் தோன்றுகிறது என்று, உள்ளே கேழ்வரகைக் கொட்டித் தைத்தாள். ஒரு மூலையில் தையல் விட்டுப்போய், சந்தை வழியெல்லாம் கேழ்வரகு சிந்தி, ஊர்க் கோழிகள் பின்னாலேயே வந்துவிட்டன. அந்தக் கதையை அவளே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது, அகோத்தின் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்த அவினோவின் கை, கழுத்தெலும்புக்கு மேலே சின்ன கொட்டை மாதிரி ஒன்றில் தட்டியது. அவினோ தேய்ப்பதை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அகோத், திரும்பாமலேயே. "நீயாக் கண்டுபிடிக்கட்டும்னு இருந்தேன்."

கிசுமுவில் படமெடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் பக்கமும் போயிருந்தது. இனி அடியோடு போக்க முடியாது, அடக்கி வைக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கழுத்துக் கட்டியிலிருந்து தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால் என்ன வகை என்று தெரிந்துவிடும். மாத்திரைக்குக் கேட்கிற வகை என்றால் கொஞ்ச காலம் நீட்டலாம் என்றார்.

"வேணாம்," என்றாள் அகோத். "போதும் குத்தினது. இருக்கற நாள வீட்ல இருந்துட்டுப் போறேன்."

அவள் மருந்துச் சீட்டு வாங்க வெளியே போனதும் அவினோ நசிமியுவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும். இப்பப் பாத்து, மாத்திரைக்குக் கேக்கற வகைன்னு வந்தா, அப்பவே குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அத இப்ப ஏம்மா கேக்கறே?"

"சொல்லு."

நசிமியு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "வராமலே போயிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா வராமலே போயிருக்கலாம்."

"அந்த வகை இல்லன்னு வந்தா?"

"அப்படின்னா நீ பொதச்சதால எதுவும் கெட்டுப்போகல. ஆனா இப்பக் குடுக்கறதுக்கு எங்கிட்டயும் பெரிசா எதுவும் இல்ல."

அவினோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்த வகை இல்லாமல் இருந்தால் அவள் தப்பித்தாள், அகோத் போனாள். அந்த வகையாக இருந்தால் அகோத்துக்குக் கொஞ்ச காலம் உண்டு, அந்தக் காலம் முழுக்க அவினோ குற்றவாளி. சோதிக்காமலே விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அகோத்தே வேண்டாம் என்கிறாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். அவினோ சாமி இல்லை, அப்படியே போய்விடலாமா என்று நினைத்தாள். நினைத்ததற்காகவே தன்மீது அருவருப்பும் வந்தது.

"ஒழுங்கா வந்து கழுத்தக் காட்டுடி," என்றாள் அவினோ, அகோத் திரும்பி வந்ததும். "அபோண்டி படிச்சு முடிக்கறதப் பாக்க வேணாமா உனக்கு?" அபோண்டி அகோத்தின் மகள், விடுதிப் பள்ளியில் இருந்தாள்.

"வேணாம்னு சொன்னேன்ல."

"நீ சொல்றத எப்பக் கேட்டிருக்கேன் நான்? உக்காரு."

இந்தத் தடவை எடுத்தது விரல் நீளக் குப்பியில் அடங்கிவிட்டது. நசிமியு தானே கொண்டுபோகிறேன் என்றாள். அவினோ விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லேப் ஜன்னல் வரை நடந்தாள். உள்ளே இருந்தவர் வாங்கி வைத்துவிட்டு, "போங்கம்மா" என்று சொன்ன பிறகும் நகராமல், அவர் அதை உள் அறைக்கு எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். மாத்திரைக்குக் கேட்கிற வகையாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடச் சொல்லி வேண்டுகிறோம் என்று தெரிந்துதான் வேண்டினாள்.

முடிவு சொல்ல நசிமியு சிரித்த முகத்தோடுதான் வந்தாள். "அகோத், மாத்திரைக்குக் கேக்கற வகை! நல்லாவே கேக்குமாம்!"

அகோத் கையைத் தட்டி, நாக்கைச் சுழற்றிக் குலவையே போட்டுவிட்டாள். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவள் கை மெல்ல இறங்கியது.

"அப்ப, மொதல்லயே இந்த மாத்திரைதானா?"

நசிமியு கையிலிருந்த சீட்டை மடித்தாள். அகோத் திரும்பி அவினோவைப் பார்த்தாள். அவினோ தலையைக் குனியவில்லை. குனிந்தால் தப்பிப்பது மாதிரி இருக்கும் என்று நினைத்தாள்.

"உனக்குத் தெரியுமா? இதக் கேக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

ஊருக்கு வந்ததும் அகோத் தன் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூரையிலிருந்து புகை வந்தது. கரி பிடித்துக் கிடந்த பழைய அடுப்பை அவளே மூட்டியிருந்தாள்.

அவினோ களியும் கீரையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவருகில் வைத்தாள். காலையில் அது அப்படியே இருந்தது. மறுநாளும் வைத்தாள், மறுநாளும் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. முற்றத்தில் நின்று தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தால்கூட அவினோவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீதானேடி நல்ல காரியம் பண்ணேன்னு சொன்னே, என் தோள்ல சாஞ்சு அழுதியே என்று திருப்பிக் கேட்க ஒரு வார்த்தை அவினோவிடம் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. சாகப்போகிறவளிடம் கணக்குத் தீர்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

மாத்திரை வேலை செய்தது. கழுத்துக் கட்டி கரைந்தது. மூச்சிரைப்பு நின்று, அகோத் மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் அவினோவுக்குச் சந்தோஷமும் வேதனையும் சேர்ந்தே வந்தன. அவள் தேறத் தேற, இதை அன்றைக்கே கொடுத்திருந்தால் என்று ஒவ்வொரு நாளும் நிரூபணமாகிக்கொண்டே போயிற்று.

ஆனால் பிந்திப் போனது பிந்திப் போனதுதான். ஒன்றரை வருஷம் அடங்கியிருந்த நோய் இடுப்பெலும்பில் ஏறியது. அகோத் படுத்துவிட்டாள். அவினோ உள்ளே போய், கேட்காமலே அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, துணி மாற்றினாள். அகோத் தடுக்கவில்லை. உடம்பைத் தொட விட்டாள். சோறு மட்டும் வாங்கவில்லை. படிப்பை முடித்து வந்திருந்த அபோண்டிதான் அவளுக்குத் தனியாக ஆக்கிக் கொடுத்தாள்.

இரண்டு கூரையில் புகை வருவதை ஊர் பார்க்காமல் இருக்குமா? மீன் காய வைக்கிற இடத்தில் கிளம்பிய பேச்சு, கைகால் முளைத்து, அகோத்தின் பிறந்த ஊர் வரைக்கும் போய்விட்டது. மூத்தவள் சக்களத்தியின் மார்பை வாங்கிப் புதைத்துவிட்டாளாம், அதிலிருந்துதான் இவள் எலும்பு உருகுகிறதாம், இவளும் தெரிந்துகொண்டு அவள் கையால் சாப்பிடுவதில்லையாம். கேட்டால் ஒவ்வொன்றும் நிஜம் மாதிரித்தானே இருக்கிறது?

ஒரு மத்தியானம் அகோத்தின் அண்ணன் ஒகேலோ ஆட்களைக் கூட்டிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினான். கையில் தடிகள். கள்ளி வேலிக்கு வெளியே ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒகேலோ நேராக அகோத்தின் வீட்டுக்குள் போனான். அவினோ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஒருத்தியைச் சூனியக்காரி என்று வீட்டோடு கொளுத்தியிருக்கிறார்கள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றான் ஒகேலோ. அவனுக்குத் தங்கைமேல் உயிர். "இவ கையால நீ சாப்பிடறதில்லையாமே. நெசமா? ஏன்? எனக்குச் சொல்லு போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

அகோத் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் பண்ணவில்லை என்று அவினோவால் சொல்ல முடியாது; பண்ணியது என்ன என்று இவர்களுக்குப் புரிய வைக்கவும் முடியாது. அபோண்டி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எந்தக் களவாணி சொன்னா உனக்கு?" என்றாள் அகோத். குரல் சன்னமாக இருந்தாலும் பழைய மிடுக்கு இருந்தது. "தடியத் தூக்கிட்டு வந்துட்டானுங்க. அக்கா, எனக்குப் பசிக்குது. என்ன வச்சிருக்கே?"

அவினோவுக்குக் காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

"ஒன்னத்தான். என்ன இருக்கு?"

"களி இருக்கு. ஜிலேபி மீன் குழம்பு வச்சிருக்கேன்."

"கொண்டா. முள்ள எடுத்துட்டுக் கொண்டா."

அவினோ தன் அடுப்பிலிருந்து எடுத்து வந்தாள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் எல்லாம் தட்டைப் பார்த்தார்கள். அகோத் வாயைத் திறந்தாள். "நீயே ஊட்டு, எனக்குக் கை தூக்க வரல." அவினோ களியைக் கிள்ளி உருட்டி, நடுவில் குழித்து, மீன் வைத்து ஊட்டினாள். குழம்பு அகோத்தின் மோவாயில் வழிந்தது. அகோத் மென்றாள். விழுங்க அவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவினோவுக்குத் தெரியும். விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள். அண்ணன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

"உப்புக் கம்மி," என்றாள். "எப்பவும் கம்மிதான் இவ கையில."

ஒகேலோ தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மீதிக் குழம்பை அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் அவினோ போட்டாள். சாப்பிட்டுவிட்டு, வெளியே நின்றவர்களைப் பார்த்து, "வேலையப் போய்ப் பாருங்க!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனார்கள்.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு அவினோ இன்னொரு வாய் உருட்டினாள்.

"தட்ட எடு," என்றாள் அகோத்.

"இன்னும் ரெண்டு வாய்டி. எத்தனை நாளாச்சு."

"எடுக்கா. அது அவனுங்களுக்காகத் தின்னது. நாளைக்கு அபோண்டிக்கு நீதான் வேணும். உன்னையும் கொளுத்திட்டா அவ யார்கிட்டப் போய் நிப்பா?" கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது. "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. நானும் தினம் மன்னிக்கப் பாக்கறேன். நீ தெரிஞ்சு பண்ணலன்னு தெரியுது. நானே நல்லதுன்னு சொன்னதும் ஞாபகமிருக்கு. இருந்தாலும் வரமாட்டேங்குதுக்கா. நான் என்ன பண்ண?"

"வர வேணாம்டி," என்றாள் அவினோ. "நீ படு."

மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோனாள். அகோத் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கு மறுநாளும் கொண்டுபோனாள். கடைசி வரைக்கும் கொண்டுபோனாள்.

அகோத்தைப் புருஷனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஒகேலோ ஒரு மாடு ஓட்டி வந்தான். நசிமியு வந்து, ஒரு ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி அவினோவைக் கட்டிக்கொண்டு சொன்னார்கள்: சக்களத்தி என்றால் நீதான், கடைசி வாய்ச் சோறும் உன் கையால்தானே தின்றாள், இந்தக் கரையில் யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு அக்கா? ஆமாம் என்று அவினோ தலையாட்டினாள். பிறகு வந்தவர்களுக்குக் களி கிண்ட அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு ஊரே அவள் கையால் சாப்பிட்டது.